கெண்டைக்காலில் நெருப்பு

— மறுகா? அதுக்குப் பொறகு? நீங்க கத்தினது என்ன? முதல்ல அதச் செல்லுங்க.

— கத்தினதா? அதத்தான் நேத்துத் தொட்டு ஊரே செல்லித் திரியுதே, பூரணி. உன்ட காதில மட்டும் விழல்லியா?

— ஊர் செல்லுறது வேற. உங்கட வாயால செல்லுங்க. கதைக்கிறன் எண்டு கால நிப்பாட்டப்படாது, நெல்லக் கிளறிக் கிளறிச் செல்லுங்க. இந்த அஞ்சு பாயும் உச்சிக்குள்ள காயல்லயெண்டா அவ்வளவும் முளைச்சிரும்.

— முளைச்சா நல்லதுதானே புள்ள, நாத்துப் போடுற வேலை மிச்சம். சரி, சரி, முறைக்காத. "ஐயோ, நெருப்பு"ண்டு கத்தினன்.

— களத்துக்குள்ள நிண்டு?

— களத்துக்குள்ள நிண்டு. ஓரத்திலயும் இல்ல, நட்ட நடுவில.

— பன்னிரண்டு வருசமா என்னக் கட்டி இந்த ஊர்ல இருக்கிறீங்க. களத்துக்குள்ள என்ன பறையலாம், என்ன பறையப்படாதெண்டு தெரியாதா உங்களுக்கு?

— தெரியும் புள்ள. பெரியகல்லாத்தில மீன் புடிச்சுத் திரிஞ்சவன் எண்டாலும் இந்த நல்லரத்தினத்துக்கு அந்த அளவுக்கு மூளை இரிக்கி. நெல்ல நெல்லெண்டு செல்லப்படாது, பொலியெண்டு செல்லணும். மாட்ட வாரிக்காலன் எண்டணும். இல்ல, குறைஞ்சிட்டு, போச்சு எண்டு ஒரு கெட்ட கதை வாயால வரப்படாது. வந்தா பூதம் கேட்டுட்டு ஓடி வந்து பொலிய அள்ளிருமெண்டு உன்ட அண்ணன் முதல் வருசமே என்ட காதத் திருகிப் படிப்பிச்சவர். பன்னிரண்டு வருசமா ஒரு கதை பிசகல்ல. களத்தில நிண்டு மூத்திரம் வந்தாக்கூட வாயத் திறக்காமக் கையால காட்டிட்டுத்தானே போறனான்.

— மறுகா?

— மறுகா என்ன, நேத்து மத்தியானம் கதிர்ச் சூட்டில பாதி மிதிச்சாச்சு. வாரிக்காலன் அஞ்சு சோடி சுத்துது, நான் கடைசிச் சோடிக்குப் பின்னால. உன்ட அண்ணன் கனகசிங்கம் மச்சான் பாட்டெடுக்கிறார், நாங்க "பொலி, பொலி"ண்டு பின்பாட்டுப் பாடுறம். அப்பதான் இடது கெண்டைக்கால்ல ஆரோ குனிஞ்சிருந்து கொள்ளிக்கட்டைய வச்ச மாதிரி ஒரு எரிவு. வாய் தானாத் திறந்திட்டு. பன்னிரண்டு வருசம் அடக்கின வாய், திறந்த உடன நல்ல கதையாப் பார்த்துத்தான் எடுத்திச்சு.

— அவங்க வைக்கலில நெருப்புப் புடிச்சிட்டு எண்டு நினைச்சிட்டாங்க.

— வேற என்ன நினைப்பாங்க? பதினாலு பேர். குடிக்க வச்சிருந்த தண்ணிக் குடம் போச்சு. வாய்க்கால்ல இருந்து அள்ளி அள்ளி ஊத்தினாங்க. மாடு வெருண்டு ஒரு சோடி அடுத்தவன்ட வயல் வட்டைக்குள்ள பாஞ்சிட்டு. தூத்தி வச்ச பொலிக் குவியல் அவ்வளவும் சேறு. உன்ட அண்ணன் மட்டும் மூணு குடம் ஊத்தினார். நான் ஒரு குடம்.

— நீங்களா? நீங்க என்னத்துக்கு ஊத்தின?

— எல்லாரும் நெருப்பு நெருப்பெண்டு ஓடுறாங்க புள்ள. எனக்கும் சந்தேகம் வந்திட்டு, மெய்யாத்தான் எங்கயோ எரியுதாக்குமெண்டு.

— சிரிக்கக் கேக்கல்ல நான்.

— நானும் சிரிக்கச் செல்லல்ல. நடந்தது அப்படித்தான். மறுகா மச்சான் வந்து என்ட காலப் புடிச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கொப்புளம் இல்ல, ஒரு சிவப்பு இல்ல. மயிர் கூடக் கருகல்ல. நானும் குனிஞ்சு பார்த்தன். இவ்வளவு நல்ல கால நான் என்ட வாழ்நாள்ல கண்டதில்ல.

— எரிவு மேல இருந்து கீழ இறங்கினதா, கீழ இருந்து மேல ஏறினதா?

— என்ன?

— கேட்டதுக்குச் செல்லுங்க.

— மேல... இல்ல, கணுக்கால்ல இருந்து மேல ஏறிச்சு. முழங்காலுக்குப் பின்னால வந்து நிண்டிச்சு.

— எரிஞ்சு முடிஞ்ச பொறகு?

— பொறகு ஒண்டுமில்ல.

— ஒண்டுமில்லையா? நல்லா யோசிச்சுச் செல்லுங்க. தண்ணி ஒழுகுற மாதிரி இருக்கல்லியா? குளிர்ந்த தண்ணி, நூல் மாதிரி?

— ...ஓம். ஓமடி. நான் தண்ணி ஊத்தினதால நனைஞ்சதாக்குமெண்டு தொட்டுப் பார்த்தன், கால் காஞ்சு கிடக்கு. உனக்கு ஆர் செல்லின?

— ஒருத்தரும் செல்லல்ல. கேட்டன், அவ்வளவுதான். அந்த ஓரத்துப் பாயக் கிளறுங்க. காலால வேணாம், தடியால கிளறுங்க.

— இப்பதானே காலாலக் கிளறச் சென்ன?

— இப்ப தடியால கிளறச் செல்லுறன். மறுகா? எறும்பு ஊருமா?

— ஊரும். தோலுக்கு மேல இல்ல, கீழ. தட்டி விட வழியில்லாத எறும்பு. இஞ்ச பாரு பூரணி, நீ என்ன, கச்சேரியில வழக்குக் கேக்கிற மாதிரிக் கேக்கிற? என்னப் பொய்யனெண்டு புடிக்கப் பார்க்கிறியா?

— பொய் செல்லுற ஆள்தானே நீங்க. போன மாசம் கூத்தில கட்டியகாரன் வேசம் கட்டிப் படலைக்குப் படலை துள்ளினது ஆரு? அடுத்த நாள் வெட்டுக்கு வரச் சென்னா, அரிவாள் தூக்கக் கை ஏலா எண்டு பாயில சுருண்டு கிடந்தது ஆரு? அண்ணன் அதத்தான் பல்லுக்குள்ள வச்சிட்டுத் திரியிறார்.

— அந்த ஞாயம் எனக்கும் விளங்குது. நான் கனகசிங்கமா இருந்தா இந்த நல்லரத்தினத்த எப்பவோ வாவிக்குள்ள தள்ளியிருப்பன். துள்ளுற நாள்ல துள்ளுறன் புள்ள. நோகாத நாள் எண்டு ஒண்டு வந்தா, விடுமுறை கண்ட பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரி எனக்கும் ஒரு துள்ளல் வருது. அடுத்த நாள் வட்டியும் முதலுமாக் கட்டுறன். நுளம்பு மேல இருந்தா நோகுது. சட்டை பட்டா நோகுது. அதுக்குத்தானே காத்தான்குடித் துணிக்கடை மீராசாஹிப் காக்காட்ட, ஆரோ உடுத்துத் தேஞ்ச சாரன் ரெண்டு கேட்டு வாங்கினன். புதுசு இருக்கப் பழசு கேக்கிற முதல் ஆள் நீதானெண்டு அவர் என்ன மேலயும் கீழயும் பார்த்தார். இதெல்லாம் இப்படியிருக்க, மாடு மிதிச்சா ஒரு நோவும் இல்ல. இத ஆருட்டச் செல்ல? செல்லுற எனக்கே நம்ப ஏலாம இரிக்கி.

— எப்ப தொடங்கின?

— போன மாரிக்குக் காய்ச்சல் வந்திச்சே, அதுக்குப் பொறகு.

— காய்ச்சலுக்குள்ள எந்தப் பாயில படுத்த நீங்க?

— எந்தப் பாயிலயா? உன்ட பாயிலதான். என்டது நனைஞ்சு கிடந்ததெண்டு நீதானே விரிச்சு விட்ட. ஏன், பாயில என்ன?

— ஒண்டுமில்ல.

— உன்ட முகம் ஏன் இப்படிப் போகுது?

— வெயில். அந்தப் பாய இஞ்சால இழுங்க, நிழல் வருது.

— இழுக்கிறன். நீ கதைய இழுக்காத. இண்டைக்கு என்னப் பெட்டியோட அனுப்பப் போறாங்க எண்டது உனக்குத் தெரியுந்தானே?

— தெரியும். அண்ணன் நேத்தே செல்லிட்டார். உச்சிக்கு வருவார். கோயில் வாசலுக்குக் கூட்டிட்டுப் போய்க் கற்பூரம் அணைச்சுச் சத்தியம் கேப்பார். கால்ல எரிஞ்சது மெய்யெண்டு அணைச்சா நீங்க இஞ்ச இருக்கலாம். ஏலாதெண்டா, வேணுமெண்டு களத்தக் குழப்பினதெண்டு ஆகும்.

— அப்படி ஆனா, வீடு உன்ட வீடு, வளவு உன்ட வளவு. நான் ஒரு தகரப் பெட்டியோட வந்தவன், அதத் தூக்கிட்டுத் தோணியேற வேண்டியதுதான். புள்ளையள் ரெண்டுக்கும் நான் மீன் வாங்கப் போயிட்டன் எண்டு செல்லு. நம்பும். பெரியகல்லாத்தில அம்மா, போன பொடியன் பன்னிரண்டு வருசத்தில ஒரு மீன் கூடக் கொண்டு வரல்லியே எண்டு வாசல்ல நிப்பா.

— பகிடி விடாதீங்க. எரிஞ்சது மெய்யெண்டா அணைச்சிட்டு வாங்களன். அதுக்கென்ன பயம்?

— அங்கதான் புள்ள, இரவெல்லாம் யோசிச்சுத் தலை வெடிக்குது. எரிஞ்சிச்சு, அது மெய். ஆனா கால்ல நெருப்பு இல்ல, அதுவும் மெய். இதில நான் எதுக்குக் கற்பூரத்த அணைக்கிற? பல்லுக் கதை தெரியுந்தானே உனக்கு?

— புளியந்தீவில போய்ப் புடுங்கினதா?

— அதுதான். ஒரு மாசம் கடவாய்ப் பல்லு இடிச்சிச்சு. தோணியேறி டவுனுக்குப் போனன். அந்தப் பல்லுப் புடுங்குற மனுசன் தட்டிப் பார்த்து, இது தேங்காய் கடிக்கிற பல்லு ஐயா, இதப் புடுங்க எனக்கு மனமில்லை எண்டார். நான்தான் அழுது மன்றாடிப் புடுங்குவிச்சன். பல்லு வந்திட்டு, கைக்குள்ள தந்தார். முத்து மாதிரி. இடிச்சது மட்டும் வரல்ல. இண்டைக்கும் இல்லாத பல்லு இடிக்குது. இப்படி ஏமாந்த நான் எந்த நம்பிக்கையில சாமிக்கு முன்னால போய், என்ட உடம்பு செல்லுறது மெய்யெண்டு கற்பூரம் அணைக்கிற?

— எந்தப் பக்கத்துப் பல்லு?

— இடது. கீழ.

— திரும்பி இருங்க.

— ஏன்?

— திரும்பி இருங்க எண்டன். முதுகக் காட்டுங்க. அசையப்படாது.

— என்ன, குத்தப் போறியா? நெல்லுக்காக ஒரு மனுசனக் குத்துற... ஆவ்! ஆவ்! விடு! விடடி பூரணி!

— எங்க நோகுது?

— பல்லு! தாடை! காதுக்குள்ள ஆணி அடிச்ச மாதிரி! நீ பல்லிலயா கை வச்ச?

— நான் தோளிலதானே கை வச்சிருக்கன். பாருங்க, ஒத்த விரல். இப்ப?

— ஊ! கை! சுண்டு விரல்! ஐயோ, எங்கயோ அமத்துற, எங்கயோ கத்துறன். என்ன இது, மணியக் கோயில்ல அடிச்சாச் சத்தம் கச்சேரியிலயா கேக்கும்?

— இடுப்புக்குப் பின்னால, நாரியிலயும் ஒண்டு இருக்கும். அமத்தினாக் குதிக்கால்ல...

— வேணாம்! வேணாம், நான் ஒத்துக்கொள்ளுறன்! ...பூரணி.

— என்ன?

— இந்தப் பக்கம் பாரு.

— நெல்லு காகம் கொத்துது. ச்சூ!

— காகம் கொத்தட்டும். இது ரெண்டாந் தரம். முதல்ல அந்தக் குளிர்ந்த தண்ணி. நான் செல்ல முதல் நீ சென்ன. இப்ப தோள். தேடவும் இல்ல, தடவவும் இல்ல. கண்ண மூடிட்டுக் குசினிக்குள்ள உப்புப் பானைய எடுக்கிற மாதிரிக் கைய நீட்டின, சரியா அந்த இடம். எனக்கே அந்த இடம் தெரியா. உனக்கு எப்படித் தெரியும்?

— கண்ட இடத்தில அமத்தினன். பட்டிட்டு.

— கண்ட இடத்தில அமத்தின ஆள் நாரியிலயும் ஒண்டு இருக்குமெண்டு ஏன் செல்லுற?

— வாயில வந்திட்டு.

— வாயில வந்தது எனக்குக் "ஐயோ, நெருப்பு". உனக்கு வந்தது அப்படி வந்த கதையில்ல. பூரணி, நான் பகிடிக்காரன்தான், மடையன் இல்ல. சரி, கொஞ்சம் மடையன்தான். ஆனாலும் கேக்கிறன். என்ட துணி ஏதும் எடுத்து ஆருட்டயும் குடுத்தியா? மயிர், நகம்?

— என்னத்துக்கு?

— பொம்மை செஞ்சு ஊசி ஏத்தத்தான். தோளில ஒண்டு, நாரியில ஒண்டு, கெண்டைக்கால்ல ஒண்டு. ஏத்தின ஆளுக்குத்தானே ஏத்தின இடம் தெரியும்.

— உங்களுக்கு ஊசி ஏத்தி நான் என்னத்தக் காணப் போறன்?

— அதத்தான் நானும் யோசிக்கிறன். என்னட்ட இரிக்கிறது ரெண்டு பழைய சாரனும் ஒரு கட்டியகாரன் தொப்பியும். ஆனா ஒண்டு செல்லுறன் கேளு. போன கிழமை விடியக்காலம் நீ எழும்பி வாவிக்கரைக்குப் போன. நான் பின்னால வந்தன்.

— பின்னால வந்தீங்களா? என்னையா வேவு பார்த்தீங்க?

— ஓம். அதுக்கும் சேர்த்து வேணுமெண்டா ஒரு கற்பூரம் கொண்டு வரச் செல்லு. கண்டல் மரத்துக்குப் பின்னால நிண்டு பார்த்தன். நீ இடுப்பளவு தண்ணிக்குள்ள இறங்கிச் சும்மா நிண்ட. எவ்வளவு நேரம்! இந்தப் படுவான்கரையில இருந்து பார்த்துக்கொண்டிருந்தன், அக்கரை எழுவான்கரைப் பக்கம் பொழுதே வெளிச்சிட்டு.

— குளிச்சன்.

— தலை நனையல்ல.

— மேல் கழுவினன்.

— கை ரெண்டையும் தண்ணிக்கு மேல தூக்கிப் புடிச்சிட்டு நிண்ட. மேல் கழுவுற ஆள் கையாலதானே கழுவும்? வாய் வேற என்னமோ முணுமுணுத்துது. ஆராவது வருவானாக்குமெண்டு பார்த்தன். ஒருத்தனும் வரல்ல. அதுதான் எனக்கு இன்னும் பெரிய இடி. ஒரு ஆள் வந்திருந்தா அவனோட ரெண்டு அடிபட்டு மனம் ஆறியிருப்பன். ஆளில்லாத இடத்தில நீ ஆரோட பறைஞ்ச? அது மந்திரமில்லாம வேற என்ன?

— அண்ணன் வாறார்.

— கதைய மாத்தாத.

— மாத்தல்ல. அந்தா, படலையத் திறக்கிறார். கையில கற்பூரப் பொட்டலம்.

— சால்வை தோளில இரிக்கா, தலையிலயா?

— தலையில கட்டியிருக்கிறார்.

— அப்ப முடிஞ்சிட்டு. பூரணி, இப்பவாவது செல்லிரு.

— வாயப் பொத்திட்டு இருங்க. வாங்க, அண்ணன்.

— தங்கச்சி, நெல்லு எப்படி?

— ரெண்டு பாய் காஞ்சிட்டு அண்ணன். மத்த மூணும் ஈரம்.

— சரி. என்ன நல்லரத்தினம், வெளிக்கிட்டாச்சா? ஒத்தக் கதைதான் எனக்கு. கோயிலுக்கு வாறியா, துறைக்குப் போறியா?

— மச்சான், வெயிலுக்க வந்திருக்கிறீங்க, முதல்ல ஒரு வாய் தண்ணி...

— தண்ணி நேத்தே போதுமெண்ட அளவு ஊத்தினம். ஒத்தக் கதை செல்லு.

— ஒத்தக் கதையாச் செல்லத் தெரிஞ்சா நேத்தும் செல்லியிருப்பன் மச்சான். எரிஞ்சது எனக்கு. ஆனா எரிய ஒண்டும் இருக்கல்ல. இதுக்கு என்ன செல்லிக் கற்பூரத்த அணைக்கிறதெண்டு நீங்களே செல்லித் தாங்க.

— இதுதான். இந்தக் கட்டியகாரன் கதைதான் எனக்கு ஆகாது. நோகுதெண்டா நோகுது, இல்லயெண்டா இல்ல. அடிபட்ட இடத்தில வீங்கும், வெட்டின இடத்தில இரத்தம் வரும். ஒண்டுமில்லாத இடத்தில ஒரு மனுசனுக்கு நோகுதெண்டா அது கள்ளம், இல்லாட்டிப் பேய். கள்ளமெண்டா உன்னத் தோணியில ஏத்துவன். பேயெண்டா அதுக்கும் என்னட்ட மருந்திருக்கு.

— என்ன மருந்து மச்சான்?

— தங்கச்சிக்குத் தெரியும். எங்கட பெரியம்மா ஆச்சிப்பிள்ளை இருந்தாவே, அவவும் இப்படித்தான். தோலுக்குள்ள எறும்பு ஊருதெண்டு செல்லுவா, சீலை பட்டாச் சுடுதெண்டு செல்லுவா. உலக்கை புடிக்க ஏலா, குடம் தூக்க ஏலா. நான்தான் பேயோட்டுறவனக் கூட்டி வந்தன். நான்தான் கையப் புடிச்சன். மூணு நாள் பிரம்படி. மறுகா எறும்பெண்ட கதையே இல்ல.

— பெரியம்மாவே இல்லியே அண்ணன் மறுகா.

— அது காய்ச்சல்ல போனா.

— நாலாம் நாள்.

— தங்கச்சி, நீ இப்ப என்னத்துக்குச் செத்தவங்கட கதைய எடுக்கிற? உன்ட புருசன்ட கதையத்தானே பறையிறம். நல்லரத்தினம், நான் ஊர்ப் பெரியவங்கள வாசல்ல இருத்திட்டு வந்திருக்கன். பதினாலு பேர்ர பொலி சேறாப் போச்சு. ஒரு வருசச் சோறு. அதுக்கு நீ ஒரு பதில் செல்லத்தான் வேணும். இந்தா கற்பூரம். புடி.

— புடிக்க மாட்டன் மச்சான்.

— அப்ப பொய்.

— பொய்யுமில்ல. தெரியாத ஒண்டத் தெரியுமெண்டு சாமிக்கு முன்னால செல்ல எனக்குப் பயம். ஊருக்கு முன்னால எவ்வளவு வேணுமெண்டாலும் பகிடி விடுவன். அங்க போய் விட ஏலா.

— அப்ப பெட்டிய எடு. பொழுது சரிய முதல் தோணி புடிச்சாச் சரி.

— எடுக்கிறன். பூரணி, பெட்டி எங்க? நீ தேடாத, எனக்குத் தெரியும், பரணில. மிச்ச மூணு பாயையும் நீ தனியக் கிளறாத புள்ள. பக்கத்து வளவுக் கண்ணகையக் கூப்பிடு. புள்ளையள் பள்ளிக்கூடத்தால வந்தா அந்தக் கட்டியகாரன் தொப்பிய இளையவளுக்குக் குடு, அவ அதுக்கு நெடுக அழுதவ. மச்சான், ஒரு நிமிசம் பொறுங்க. பெட்டி தூக்க முதல் இவளிட்ட ஒண்டே ஒண்டு கேக்கணும்.

— கேள். ஒத்தக் கதை.

— பூரணி, நான் போறன், இனி ஒளிக்கத் தேவையில்ல. செய்வினையெண்டாலும் நான் ஒருத்தருக்கும் செல்ல மாட்டன், உன்ட அண்ணன் இப்ப கேட்டுட்டு நிக்கிறார், அவ்வளவுதான். கோவமும் இல்ல. பன்னிரண்டு வருசம் என்னோட இருந்த ஒரு பொம்புள ஊசி ஏத்தியிருந்தாலும் அதில ஒரு ஞாயம் இருக்கும். ஆனா தெரியாமத் தோணியேற ஏலா. உனக்கு எப்படி அந்த இடம் தெரிஞ்ச?

— என்ன செய்வினை? என்ன இடம்? தங்கச்சி, இவன் என்ன பறையிறான்?

— அண்ணன், அந்தக் கற்பூரத்த என்ட கையில தாங்க.

— உன்ட கையில என்னத்துக்கு? சத்தியம் பண்ண வேண்டியது அவன்.

— அவருக்குத் தெரியாதாம். எனக்குத் தெரியும். நான் வந்து அணைக்கிறன், அவருக்கு எரிஞ்சது மெய்யெண்டு.

— விசரா உனக்கு? அவன்ட காலுக்குள்ள நடந்தத நீ எப்படிச் சத்தியம் பண்ணுவாய்? கேட்டா ஊருக்கு என்ன செல்லுவாய்?

— இவருக்குச் செல்லப் போறதத்தான் ஊருக்கும் செல்லுவன். பொறகு நீங்க பிரம்புக்காரனக் கூட்டி வாறதெண்டாக் கூட்டி வாங்க. என்ட கையையும் நீங்களே புடிங்க.

— பூரணி! நீ என்னடி செல்லுற? பிரம்பு என்னத்துக்கு உனக்கு?

— இஞ்ச பாருங்க. பொம்மையும் இல்ல, ஊசியும் இல்ல, வாவிக்குள்ள மந்திரமும் இல்ல. இளையவள் புறந்த நாள் தொட்டு எனக்கு எட்டு வருசமா எரியுது; அத ஆத்தத்தான் தண்ணிக்குள்ள நிண்டன். உங்களுக்கு எங்க நோகுதெண்டு நான் தேடல்ல. எனக்கு நோகுற இடத்தத்தான் உங்கட முதுகில அமத்தினன்.